பிளாக்பர்ன் சிடிக்கள்: பிழைதிருத்தம் காத்ததும் மறைத்ததும்

இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பிளாக்பர்ன், ஒரு காலத்தில் பருத்தி நெசவாலைகளால் வாழ்ந்த ஊர். 1980களின் பிற்பகுதியில் பிலிப்ஸும் டூபான்ட்டும் கூட்டாக நடத்திய பிடிஓ நிறுவனம் அங்கே சிடி அச்சடித்துக்கொண்டிருந்தது. 1988 தொடங்கி 1993 வரை அந்த ஆலையிலிருந்து வெளிவந்த சிடிக்கள் பலவற்றுக்கு ஒரு நோய் வந்தது. வாங்கியபோது வெள்ளியாக மின்னியவை அலமாரியில் இருந்தபடியே விளிம்பில் பழுப்பேற ஆரம்பித்தன. நாளாக ஆக அந்தப் பழுப்பு உள்நோக்கிப் பரவியது. சில வட்டுகள் முழுக்கவே வெண்கல நிறமாகிவிட்டன. அவற்றை யாரும் கீழே போடவில்லை, கீறவில்லை, வெயிலில் காயவிடவில்லை. பாட்டு கேட்டவர்களுக்குக் கடைசிப் பாடல்களில் முதலில் இரைச்சல் வந்தது, பிறகு வெடிப்புச் சத்தம், அதற்கும் பிறகு பிளேயர் தடுமாறி நின்றது. சிடி உள்ளேயிருந்து வெளியே ஓடுவது; அதனால் விளிம்பில் வரும் கேடு கடைசிப் பாடல்களைத்தான் முதலில் தாக்கும்.

காரணத்தை நிறுவனமே பின்னால் சொன்னது. சிடியின் லேபிள் பக்கத்தில் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் இருக்கிறது. அதன் மேல் பாதுகாப்புக்கு ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு. பிளாக்பர்னில் பயன்படுத்திய பூச்சு, பெட்டிக்குள் செருகியிருந்த காகிதப் புத்தகத்தின் கந்தகத்தைத் தடுக்கவில்லை. கந்தகம் ஊடுருவி உலோகத்தை அரித்துவிட்டது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு, கேட்டவர்களுக்கு மாற்று வட்டுகள் கொடுத்தது. அது பாராட்ட வேண்டிய விஷயம்.

உலோகம் அரிபட்ட கதை என்ற அளவில் இது அவ்வளவுதான். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. ஒவ்வொரு சிடிக்குள்ளும், அது எந்த ஆலையில் அச்சானாலும், மிக வலுவான பிழைதிருத்த ஏற்பாடு ஒன்று பதிந்திருக்கிறது. பிளாக்பர்ன் வட்டுகளிலும் அது இருந்தது. தன் வேலையைச் சரியாகவே செய்தது. அது சரியாகச் செய்ததால்தான் அரிப்பு தொடங்கியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. சிடியிலும் டிவிடியிலும் கோப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிற எல்லாரும் இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வட்டுக்குள் நடக்கும் காவல்

1960இல் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் ஐந்து பக்கம்கூடத் தாண்டாத ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் அடிப்படை பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்க இரண்டு புள்ளிகள் போதும். அதே கோட்டில் ஐந்து புள்ளிகளைக் குறித்து வைத்தால், அவற்றில் எந்த மூன்று அழிந்தாலும் மிச்சம் இரண்டை வைத்துக் கோட்டை மறுபடி போட்டுவிடலாம். நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக் கோவை. சாதாரண எண்களுக்குப் பதிலாக 256 உறுப்புகள் மட்டும் கொண்ட ஒரு எண் உலகம்; ஒரு பைட்டில் அடங்கும் மதிப்புகள் அத்தனைதான். 24 பைட் தகவலுக்கு 28 புள்ளிகள் குறித்து வைத்தால், எந்த 24 புள்ளி தப்பித்தாலும் முழுத் தகவலும் திரும்பக் கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது கட்டுரை முழுக்க நம்மோடு வரும். எந்தப் புள்ளி கெட்டது என்று முன்பே தெரிந்தால், கூடுதலாகக் குறித்த நான்கு பைட்டை, அதாவது நான்கு உபரிப் பைட்டைக் கொண்டு நான்கு இழப்பைச் சரிசெய்யலாம். எது கெட்டது என்றே தெரியாவிட்டால் இரண்டைத்தான் சரிசெய்ய முடியும். இடத்தைக் கண்டுபிடிக்கவே பாதி உபரி செலவாகிவிடுகிறது.

கட்டுரை வந்த காலத்தில் இதை வேகமாகக் கணக்கிட வழி இல்லை. 1960களின் கடைசியில் பெர்லகாம்ப், மாஸி என்ற ஆய்வாளர்கள் விரைவான முறையைக் கொடுத்த பிறகே ரீட்-சாலமன் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து, 1979இல் பிலிப்ஸும் சோனியும் ஐந்தோவனிலும் டோக்கியோவிலும் மாறி மாறிக் கூடிப் பேசி சிடியின் இலக்கணத்தை வகுத்தபோது, அந்தக் கணக்கு வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. 1982 அக்டோபரில் முதல் பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

சிடியில் 24 பைட் இசைத் தகவலை ஒரு ஃபிரேம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதோடு முதலில் 4 உபரிப் பைட் சேர்த்து 28 ஆக்குகிறார்கள். இதற்கு சி2 என்று பெயர். இந்த 28 பைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதில்லை. முதல் பைட்டை இந்த ஃபிரேமில், அடுத்ததை நான்கு ஃபிரேம் தள்ளி, அதற்கடுத்ததை எட்டு ஃபிரேம் தள்ளி என்று 109 ஃபிரேம்களுக்குள் பரப்பி விடுகிறார்கள். அப்படிப் பரப்பியபின் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகச் சேர்ந்த 28 பைட்டுக்கு இன்னொரு 4 உபரிப் பைட், இது சி1. ஆக 24 பைட்டுக்கு 32 எழுதப்படுகிறது. சிடியின் இடத்தில் கால் பங்கு இந்தக் காவலுக்கே போகிறது.

ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் பெரிய குடும்பம் ஒரே பேருந்தில் ஏறாமல் ஆளுக்கொரு பேருந்தில் ஏறினால், ஒரு பேருந்து வழியில் நின்றுபோனாலும் குடும்பத்தில் ஒருவர் மட்டுமே வராமல் போவார். பைட்டுகளைப் பரப்புவதன் நோக்கம் அதுதான். கீறல் ஒன்று வரிசையாக 16 ஃபிரேம்களை அழித்தாலும், நான்கு ஃபிரேம் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் எந்த சி2 குடும்பத்திலும் நான்கு பேர்தான் போயிருப்பார்கள். எந்த ஃபிரேம் கெட்டது என்று சி1 ஏற்கெனவே கொடி காட்டிவிடும். இடம் தெரிந்த நான்கு இழப்பு, நான்கு உபரிப் பைட். கணக்குத் தீர்ந்தது.

இதை நீளமாக்கிப் பார்ப்போம். சிடி ஓடும்போது நொடிக்கு 7,350 ஃபிரேம்கள் கடக்கின்றன. தகவல் சுருளாக எழுதப்பட்டிருக்கும் கோடான தடத்தின் வேகம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். 16 ஃபிரேம் என்பது தடத்தின் நீளத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குள் தகவலே இல்லாமல் போனாலும் ஒரு பிட் பிசகாமல் எல்லாம் திரும்ப வரும்.

சிடியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடை என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பலர் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். காரணம் இந்த இரண்டரை மில்லிமீட்டர்தான். குறுக்கே விழும் கீறல் பல ஆயிரம் சுற்றுகளை வெட்டினாலும், ஒவ்வொரு சுற்றிலும் அது தின்னுவது கீறலின் அகலத்தை மட்டும். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். அது சின்னதாகத் தெரிந்தாலும் எல்லையைத் தாண்டிவிடும்.

220 என்ற எண்

புத்தம் புதிய, நல்ல ஆலையில் அச்சான சிடியிலும் பிழைகள் உண்டு. பிழையே இல்லாமல் அச்சிட முயன்றிருந்தால் சிடி யாருக்கும் கட்டுப்படியாகும் விலையில் வந்திருக்காது. சி1 நிலையில் பிழை உள்ள ஃபிரேம்கள் சராசரியாக நொடிக்கு 220 வரை இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. 7,350இல் இது 3 சதவீதம். நல்ல வட்டில் இந்த எண் இதைவிட மிகக் குறைவாக இருக்கும்.

இப்போது ஒரு வட்டின் எண் 10இலிருந்து 50க்குப் போகிறது, 50இலிருந்து 200க்கு. கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இசை பிட்டுக்குப் பிட் முன்பு இருந்தபடியே வரும். 220ஐத் தாண்டினாலும் உடனே ஒன்றும் ஆகாது. சி1 கைவிட்டதை சி2 பிடித்துக்கொள்ளும். சி2வும் தோற்ற பிறகு? இசைச் சிடியில் அதற்கும் ஒரு சமாளிப்பு உண்டு. ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எழுதிய எண்களுக்கு மாதிரிகள் என்று பெயர்; முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடிய மதிப்பை பிளேயர் ஊகித்து நிரப்பிவிடும். அடுத்தடுத்த மாதிரிகள் ஒன்றாக அழிந்துவிடாதபடி, அவற்றையும் தனித்தனியாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். இப்படி ஏழெட்டு மில்லிமீட்டர் வரை காதுக்குத் தெரியாமல் ஓட்டிவிடலாம்.

பிளாக்பர்ன் வட்டின் விளிம்பில் உலோகம் மங்க மங்க, திரும்பி வரும் ஒளி குறைகிறது, பிழை எண் ஏறுகிறது. சி1, சி2, ஊகித்து நிரப்புதல் என்று மூன்று படிகளும் ஒவ்வொன்றாகத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது படியும் முறிந்த அன்றுதான் கேட்பவருக்கு முதல் இரைச்சல் கேட்கிறது. அந்த நொடியில் வட்டு சாகத் தொடங்கவில்லை; பல ஆண்டுகளாகச் செத்துக்கொண்டிருந்தது.

ஒலிநாடாவில் இப்படி இல்லை. நாடா தேயத் தேய ஒலி மங்கும், உச்சத் தொனிகள் குறையும். வீட்டில் ஒருவர் சொல்லிவிடுவார், இந்த கேசட் போய்க்கொண்டிருக்கிறது, வேறு பதிந்து வை என்று. எண்முறை வட்டுக்கு அந்தச் சரிவு கிடையாது. கடைசி வரை சமதரை, அப்புறம் பள்ளம். பிழை எண்ணை அளந்து பார்ப்பதைத் தவிர, பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. டிரைவுக்குள் அந்த எண் ஒவ்வொரு நொடியும் இருக்கிறது. பெரும்பாலான டிரைவ்கள் அதை வெளியே சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் ஆதங்கமான விஷயம். லைட்-ஆன், பென்க்யூ, பிளெக்ஸ்டர் தயாரித்த சில பழைய டிரைவ்கள் சொல்லும். அவை இப்போது பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் விடக் கூடாதவை.

கோப்பு என்று வந்தால்

இசையில் ஒரு மாதிரியை ஊகித்து நிரப்பலாம். வங்கிக் கணக்கின் ஒரு இலக்கத்தையோ, சுருக்கிய ஒரு படக் கோப்பின் நடுவிலுள்ள பைட்டையோ ஊகிக்க முடியாது. அதனால் கணினிக்கான சிடி-ரோம் வந்தபோது மூன்றாவது காவல் சேர்த்தார்கள். கணினி ஒரே தடவையில் படிக்கும் தகவல் துண்டுக்கு செக்டர் என்று பெயர்; 2,352 பைட் கொண்ட ஒரு செக்டரில் 2,048 பைட்தான் நம் தகவல். தொடக்க அடையாளம், முகவரி, சரிபார்ப்பு எண் போக 276 பைட் கூடுதல் ரீட்-சாலமன் உபரி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நம் ஊரில் பலருக்கு இது பழைய புதிரின் விடை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு விசிடி இருந்தது. கல்யாண வீடியோவும் அதில்தான். விசிடியில் படம் இருக்கும் செக்டரில் 2,324 பைட் படத்துக்கே போய்விடும். மூன்றாவது காவலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூடுதல் படத்தை நிரப்பினார்கள். படத்தில் ஒரு கட்டம் உடைந்தால் பரவாயில்லை என்ற கணிப்பு. ஒரே அளவு கீறல் இருந்தும் கணினிச் சிடி திறக்க, விசிடியில் மட்டும் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிவிடியில் ஏற்பாடு மாறியது. 16 செக்டர்களைச் சேர்த்து ஒரு தொகுதி, 32 கிலோபைட். அதை 192 வரிசை, 172 நிரல் கொண்ட ஒரு கட்டமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 10 உபரிப் பைட், ஒவ்வொரு நிரலுக்கும் 16. வரிசையில் தீராததை நிரல் தீர்க்கும். ஒரு தொகுதி தடத்தில் பிடிக்கும் நீளம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். மொத்தம் 208 வரிசைகளில் 16 முழுதாகப் போனாலும் மீட்கலாம் என்பதால், சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியை டிவிடி தாங்கும். சிடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 8 சென்டிமீட்டரைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு அடுக்கு டிவிடி+ஆர் வட்டில் 22,95,104 செக்டர்கள் இருக்கின்றன. 16ஆல் வகுத்தால் 1,43,444 தொகுதிகள். தடத்தின் மொத்த நீளம் 11 கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு தொகுதியின் உபரியும் தன் 8 சென்டிமீட்டரை மட்டுமே காக்கும். ஒரு இடத்தில் 6 மில்லிமீட்டர் எல்லை தாண்டிக் கெட்டுவிட்டால், மீதி 1,43,443 தொகுதிகளிலும் தொடாமல் கிடக்கும் உபரியால் அதற்கு ஒரு உதவியும் இல்லை. சிடியில் இந்த எல்லை இன்னும் சிறியது. சி2 பரப்பும் 109 ஃபிரேம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான்.

தூசிக்கும் கீறலுக்கும் ஏற்ற அளவு அது. பிளாக்பர்னில் வந்தது தூசியும் கீறலும் இல்லை. விளிம்பிலிருந்து உள்ளே வரும் அரிப்பு. அது ஒரு வளையத்தையே எடுத்துக்கொண்டது. உள்ளூர்க் காவலை எவ்வளவு கூட்டினாலும் அதன் முன் நிற்காது.

நாம் வீட்டில் எழுதும் வட்டுகளின் நிலை இன்னும் மோசம். அச்சிட்ட சிடியில் தகவல் பிளாஸ்டிக்கில் பள்ளமாகவே பதிந்திருக்கும். உலோகம் அதைப் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான். ரைட்டரில் எழுதும் சிடி-ஆர், டிவிடி-ஆர் வட்டுகளில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மாற்றும். சிடி-ஆரில் லேபிள் பக்கத்து வார்னிஷ் மட்டுமே உலோகத்துக்குப் போர்வை. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருப்பதால் அந்தப் பக்கக் கீறலுக்கு அது பயப்பட வேண்டாம், விளிம்பு வழியே ஈரம் புகுவதற்குப் பயப்பட வேண்டும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேடு, நீண்ட கால இருப்புக்கு 20 டிகிரிக்குக் கீழான வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் சொல்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தூத்துக்குடியிலோ ஒரு வீட்டு அலமாரியில் இந்த நிலை ஆண்டில் எத்தனை நாள் இருக்கும்?

வட்டு முழுவதற்கும் ஒரு காவல்

2004இல் கார்ஸ்டன் க்னோர்லிஷ் என்ற ஜெர்மானியர் டிவிடிசாஸ்டர் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதில் உள்ள கணக்கு புதிதில்லை, அதே ரீட்-சாலமன். புதிதாக அவர் செய்தது, அந்தக் கணக்கை வட்டு முழுவதற்கும் நீட்டியது. எனக்கு இந்த எளிமை மீது பெரிய மதிப்பு உண்டு.

அதன் முதல் முறைக்கு ஆர்எஸ்01 என்று பெயர். வட்டின் முழுப் பிம்பத்தையும், அதாவது வட்டில் உள்ள எல்லா செக்டர்களையும் வரிசை மாறாமல் ஒரே கோப்பாக எடுத்த நகலையும், அது 223 சம துண்டுகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு செக்டர் எடுத்து, அந்த 223 செக்டருக்கும் சேர்த்து 32 உபரிச் செக்டர் கணக்கிடுகிறது. 223ம் 32ம் சேர்ந்தால் 255. ஒரு பைட் உலகில் ரீட்-சாலமனுக்குக் கிடைக்கும் முழு நீளம். உபரியைத் தனிக் கோப்பாக வெளியே எழுதுகிறது. முழு டிவிடிக்கு அந்தக் கோப்பு ஏறக்குறைய 670 மெகாபைட், மூலத்தில் 14.3 சதவீதம்.

ஒரே குழுவில் இருக்கும் அடுத்தடுத்த செக்டர்களுக்கு நடுவே தடத்தில் 50 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். டிவிடியின் சொந்தக் காவலுக்கு எல்லை 8 சென்டிமீட்டர் என்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

இடம் தெரிந்த இழப்பு, தெரியாத இழப்பு என்ற அந்தப் பழைய நுணுக்கமும் இங்கே கைகொடுக்கிறது. டிரைவ் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால், முடியவில்லை என்று சொல்லிவிடுகிறது. ஆக இடம் தெரியும். 32 உபரியைக் கொண்டு ஒவ்வொரு குழுவிலும் 32 இழப்பு வரை முழுதாக மீட்கலாம். சத்தமில்லாமல் தப்பான தகவல் வந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒவ்வொரு செக்டருக்கும் சரிபார்ப்பு எண்ணும் சேமித்து வைக்கிறது.

பிளாக்பர்ன் பாணி விளிம்பு அரிப்பு ஒரு டிவிடிக்கு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். டிவிடியில் தகவல் 24 மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்கி 58இல் முடிகிறது. பரப்பளவுதான் தகவலின் அளவு. விளிம்பில் 2 மில்லிமீட்டர் அகல வளையம் போனால் 8 சதவீதத் தகவல் போகிறது. சுமார் மூன்றரை மில்லிமீட்டர் வளையம் போனால் 14.3 சதவீதம். அதாவது, வெளி விளிம்பில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு எதுவுமே படிக்க முடியாமல் போனாலும், மற்றதெல்லாம் நன்றாக இருந்து, தனிக் கோப்பு கையில் இருந்தால், முழு வட்டும் திரும்பக் கிடைக்கும். வட்டின் சொந்தக் காவல் அதே இடத்தில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் ஒன்றும் செய்திருக்காது.

ஆனால் 14.3 சதவீதம் என்பதை எல்லாச் சேதத்துக்கும் பொருந்தும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வளையம் போல ஒரே இடத்தில் கெட்டால் ஒவ்வொரு குழுவுக்கும் இழப்பு சமமாகப் பங்காகும். எல்லை முழுதும் பயன்படும். சாயம் ஆங்காங்கே வெளுத்து, செக்டர்கள் கண்டபடி கெட்டிருந்தால் கதை வேறு. 10 சதவீதம் சிதறிப் போயிருந்தால் சராசரியாக ஒரு குழுவில் 22 இழப்பு, 32க்குள்தான் வருகிறது. வட்டில் இப்படிப் பத்தாயிரத்துக்கு மேல் குழுக்கள். அவற்றில் நூற்றில் ஒன்று போல 32ஐத் தாண்டிவிடும். அந்த நூறு சொச்சம் குழுக்களில் போன செக்டர்கள் வராது. சிதறல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக மீளலாம். அதனால் இடம் இருந்தால் 64 உபரி வைப்பதே நல்லது. கோப்பு மூலத்தில் 33.5 சதவீதம் ஆகும்.

தனிக் கோப்பைப் பாதுகாப்பது சிலருக்குத் தொல்லை. அதற்காக ஆர்எஸ்02, பிறகு ஆர்எஸ்03 என்ற முறைகள் வந்தன. டிவிடியில் 3.7 ஜிபி மட்டும் நம் தகவலை வைத்து, மிச்சமிருக்கும் 1 ஜிபியை உபரியால் நிரப்பி, ஒரே பிம்பமாக எழுதிவிடலாம். சாதாரண டிரைவுக்கு அது சாதாரண டிவிடிதான். கோப்புகள் வழக்கம்போலத் திறக்கும். எழுதுவதற்கு முன்பே பிம்பத்தில் உபரியைச் சேர்த்துவிட வேண்டும். எழுதி முடித்த வட்டின் மேல் பின்னால் ஏற்ற முடியாது.

கோப்பு கோப்பாக உபரி தயாரிக்கும் பார்2 போன்ற கருவிகளும் உண்டு. வன்தட்டில் வைக்க அவை அருமையானவை. ஒளிவட்டில் அவற்றுக்கு ஒரு பலவீனம்: கோப்புப் பெயர்களும் முகவரிகளும் இருக்கும் செக்டர்கள் கெட்டுவிட்டால், தகவலும் உபரியும் நலமாக இருந்தும் எது எங்கே என்று தெரியாமல் நிற்க நேரும். பிம்பம் முழுவதையும் காக்கும் முறையில் அந்த முகவரிகளும் காவலுக்குள் வந்துவிடுகின்றன.

எப்போது, எப்படி

இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. உபரியை வட்டு நலமாக இருக்கும்போதே தயாரித்திருக்க வேண்டும். கெட்ட பிறகு தயாரிக்க எதுவும் இல்லை. வட்டு கடைசி வரை நலமாகவே காட்டிக்கொள்ளும் என்பதால், "இது நன்றாகத்தானே ஓடுகிறது" என்று நினைக்கிற நாள்தான் அதைச் செய்ய வேண்டிய நாள்.

ஏற்கெனவே தடுமாறும் வட்டு கையில் இருந்தால் துடைப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் பிறகு. முதலில் முடிந்தவரை பிம்பம் எடுக்க வேண்டும். டிவிடிசாஸ்டரே படித்த இடத்தை விட்டுவிட்டு, படிக்காத பெரிய இடைவெளிகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். உபரி கையில் இருந்தால், மீட்க எத்தனை செக்டர் போதுமோ அத்தனை கிடைத்ததும் நின்றுவிடும். வட்டையும் டிரைவையும் வீணாக வதைக்காது. உபரி இல்லாத வட்டுக்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் பொருத்தம். எது படித்தாயிற்று, எது பாக்கி என்று அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், பாதியில் நிறுத்தி, வட்டை வேறு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். லென்ஸ், வேகம், உள்மென்பொருள் எல்லாம் டிரைவுக்கு டிரைவ் மாறும். இரண்டு மூன்று பழைய டிரைவ்கள் வைத்திருப்பவர் பாதி வெற்றியோடுதான் தொடங்குகிறார்.

எந்த உபரியாலும் ஈடுகட்ட முடியாத இடமும் ஒன்று உண்டு. தடத்தின் ஆரம்பத்தில், நடுத் துளையை ஒட்டிய பகுதியில் வட்டின் அறிமுகத் தகவல் இருக்கிறது. அது கெட்டால் டிரைவ் வட்டையே அடையாளம் காணாது. செக்டரே வராதபோது திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. நடுத்துளையைச் சுற்றி ஸ்டிக்கர் ஒட்டுவது, பிடியிலிருந்து வட்டை வளைத்துப் பிடுங்குவது இரண்டையும் தவிர்க்கச் சொல்வது இதற்காகவும்தான். இசைச் சிடிக்கும் விசிடிக்கும் டிவிடிசாஸ்டர் உதவாது. 2,048 பைட் செக்டர் உள்ள தகவல் வட்டுகளை மட்டுமே அது அறியும். கல்யாண விசிடிகளை வைத்திருப்பவர்கள் பிம்பமாகவோ வீடியோ கோப்பாகவோ வன்தட்டுக்கு எடுத்துவிட்டு, அங்கே பார்2 போட்டு வைப்பது நல்லது.

தனிக் கோப்பு முறையில் செய்பவர்கள் அந்த உபரிக் கோப்பை அதே வட்டில் போடக் கூடாது. அதே நோய் அதையும் தின்னும். ஆறு டிவிடிகளின் உபரிக் கோப்புகளை ஒரே டிவிடியில் அடக்கிவிடலாம், அந்த டிவிடியையும் வேறு இடத்தில் வைத்து, அதற்கும் ஒரு நகல் எடுக்க வேண்டும். அல்லது எல்லா உபரிக் கோப்புகளையும் ஒரு வன்தட்டில் போடலாம், அது சுலபம்.

2025 பிப்ரவரியில் சோனி, எழுதக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மடிக்கணினிகளில் டிரைவ் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இனிமேல் புதிதாக ஒளிவட்டில் சேமிக்கச் சொல்ல நான் தயங்குவேன். ஏற்கெனவே அலமாரியில் இருப்பவற்றைப் பற்றித்தான் கவலை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ்கள் இன்னும் கடையில் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி, மாற்று நகல் எங்குமே இல்லாத வட்டுகளை முதலில் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் பிம்பமாக்கி, சரிபார்ப்பு எண்ணைக் குறித்து, இரண்டு தனித்தனி வன்தட்டுகளில் போடுங்கள். பிழையே இல்லாமல் முழுதாகப் படிக்க முடிந்த வட்டுகளுக்கு அன்றைக்கே உபரிக் கோப்பும் எடுத்துவிடுங்கள். படிக்கத் திணறியவற்றை ஒரு தனிப் பெட்டியில் வைத்து, வேறு டிரைவ் கிடைக்கும்போது வரைபடக் கோப்போடு மறுபடி முயலலாம்.